நான் திருத்திய குரோமியம்

பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு இருந்த வருடங்களில் நடந்தது இது. மார்ச் மாத வெயில் ஆரம்பித்திருந்தது. மயிலாப்பூரில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் முதல் மாடி. வேதியியல் தேர்வு.

நான் வேதியியல் ஆசிரியை இல்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். கண் தெரியாத மாணவர்களுக்குத் தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தர ஆசிரியர்களைப் போடுவார்கள். அந்தப் பாடத்தை நடத்துகிறவரைப் போடமாட்டார்கள். பாடம் தெரிந்தவர் எழுதினால் கை சும்மா இருக்காது என்பதால்தான் அந்த ஏற்பாடு. அந்த வருடம் எனக்கு அந்தப் பணி வந்தது.

ஆனால் எனக்கு வேதியியல் தெரியும் என்ற நினைப்பு உண்டு. பிளஸ் டூவில் நான் சயின்ஸ் குரூப். வேதியியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. டாக்டர் சீட் கிடைக்காமல் போய், வீட்டில் பி.காம். சேர்த்துவிட்டார்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இருபது வருடத்துக்கு மேல் பற்று வரவு நடத்திய பிறகும் அந்த நூற்றுத் தொண்ணூற்றெட்டை யாரிடமாவது சொல்லாமல் இருக்க என்னால் முடிந்ததில்லை. அன்று காலை தி.நகரிலிருந்து பஸ்ஸில் வரும்போதுகூட, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தேன்.

நான் எழுதித்தர வேண்டிய பெண்ணை அவளுடைய அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கடற்கரைக் குப்பத்தில் வீடு. அம்மாவுக்கு லூப் ரோட்டில் மீன் வியாபாரம். அன்றைக்குக் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். மாடிப்படிக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், இது கொஞ்சம் வேகமாப் பேசும். இன்னா சொல்லுதோ அத்த அப்டியே எழுதிக் குடு. ராவும் பகலுமாப் படிச்சிக்கினு கீது."

"நீங்க கவலைப்படாதீங்க. எனக்கும் கெமிஸ்ட்ரி தெரியும்" என்றேன். அவரைத் தைரியப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னேன்.

பெண்ணுக்குப் பதினாறு வயது. எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு காய்ச்சல் வந்து, மருந்து ஒத்துக்கொள்ளாமல் பார்வை போய்விட்டது. அதுவரை படித்த பள்ளியிலேயே தொடர்ந்து படித்தாள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் வரலாறு எடுக்கச் சொல்லி எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அவள்தான் பிடிவாதமாக வேதியியல் இருக்கிற குரூப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். தேர்வு மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது இதையெல்லாம் அவளே சொன்னாள்.

"ஏம்மா, உனக்கு இது கஷ்டமா இல்லையா? படம், அமைப்பு எல்லாம் பாத்துப் படிக்கிற பாடமாச்சே" என்று கேட்டேன்.

"அணுவ யாரு மிஸ் கண்ணால பாத்துருக்காங்க? கிளாஸ்ல அந்தப் பாடம் எடுக்குறப்ப எல்லாரும் என்ன மாதிரிதான் மனசுல நெனச்சுப் பாக்கணும். எனக்கு அதுதான் புடிச்சுது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எங்களுக்குத் தனி அறை. நானும் அவளும் ஒரே பெஞ்சில். கதவருகே ஒரு நாற்காலியில் அறைக் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருந்தார். வேறு பள்ளியின் தமிழாசிரியர், ஓய்வுபெறும் வயது. அவளுக்கு மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக உண்டு. படம் வரைய வேண்டிய கேள்விகளுக்கு விலக்கும் உண்டு.

வினாத்தாளை முழுவதும் ஒரு முறை வாசித்துக் காட்டினேன். கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு எந்தக் கேள்வியை முதலில் எழுதுவது, எதை விடுவது என்று வரிசையாகச் சொன்னாள். ஒரு கேள்வி எண்கூடத் தவறவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அம்மா சொன்னது சரிதான், வேகமாகத்தான் பேசினாள். என் கை ஓடவில்லை. இரண்டு தடவை "கொஞ்சம் நில்லும்மா" என்று சொல்ல வேண்டியிருந்தது. சில கேள்விகளுக்கு மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டு, வலது கையால் இடது கை விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்ப்பாள். உதடு அசையும். அதன் பிறகே பதில் வரும். கணக்குப் போடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஹைட்ரஜனின் ஐசோடோப்புகளைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. ஒரே தனிமம், அணுவில் புரோட்டானும் ஒன்றுதான். நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறு வேறாக இருக்கும். அவற்றைத்தான் ஐசோடோப்பு என்பார்கள். சாதாரண ஹைட்ரஜனில் நியூட்ரான் கிடையாது. டியூட்டீரியத்தில் ஒன்று. டிரிட்டியத்தில் இரண்டு. இவள் வேகத்தில் "டியூட்டீரியத்தில் இரண்டு நியூட்ரான்" என்று சொல்லிவிட்டாள். வாய் தவறித்தான் சொல்லியிருப்பாள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். என் பேனா 'ஒன்று' என்று எழுதியது.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. பிள்ளை கால் இடறினால் கை நீள்வதைப் போல நீண்டுவிட்டது. செய்த பிறகு பயமோ வெட்கமோ வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாவம், இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிற பெண், ஒரு மதிப்பெண் நம்மால் தப்பித்தது என்று நினைத்தேன்.

அதற்கு இரண்டு கேள்வி தள்ளிக் குரோமியம் வந்தது. அதன் எலக்ட்ரான் அமைப்பை எழுதச் சொல்லியிருந்தார்கள். குரோமியத்தின் அணுவில் இருபத்துநான்கு எலக்ட்ரான்கள். எந்தெந்த ஆர்பிட்டாலில் எத்தனை என்று எழுத வேண்டும். ஆர்பிட்டால் என்பதை எலக்ட்ரான் குடியிருக்கிற அறை என்று வைத்துக்கொள்ளலாம். பதினெட்டு எலக்ட்ரான்கள் ஆர்கானில் இருப்பதைப் போலவே உட்கார்ந்துவிடும். மிச்சம் ஆறு. நான் படித்த வரிசைப்படி முதலில் 4s அறையில் இரண்டு, அது நிரம்பிய பிறகு 3d அறைகளில் நான்கு.

அவள் விரல்களைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "ஆர்கான், மூணு d அஞ்சு, நாலு s ஒண்ணு" என்றாள்.

மறுபடியும் தடுமாறிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வரிசை அவ்வளவு தெளிவாக என் மனதில் இருந்தது. 3d நான்கு, 4s இரண்டு என்று எழுதினேன். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை. தெரிந்தே எழுதினேன். எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அடுத்த கேள்விக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு வந்திருந்தோம். அரைகுறையாக நிரம்பிய அறைகளைவிட, சரிபாதி நிரம்பியவையும் முழுவதும் நிரம்பியவையும் ஏன் அதிக நிலைத்தன்மையோடு இருக்கின்றன என்று ஒரு கேள்வி. அவளுக்குப் பிடித்த கேள்வி போலிருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். நானும் எழுதிக்கொண்டே வந்தேன். சமச்சீர், ஆற்றல் என்று நான்கைந்து வரி சொன்ன பிறகு, "எடுத்துக்காட்டாக குரோமியம்" என்றாள்.

என் பேனா நின்றது.

"குரோமியத்தில் 3d நான்கு, 4s இரண்டு என்று எதிர்பார்ப்போம். ஆனால் அவ்வாறு அமைவதில்லை. 4s-இல் உள்ள ஓர் எலக்ட்ரான் 3d-க்குச் செல்வதால் ஐந்து d ஆர்பிட்டால்களும் சரிபாதி நிரம்புகின்றன" என்று புத்தகத் தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. எங்கள் மிஸ்கூட இதைக் கரும்பலகையில் தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். விதிவிலக்கு. குரோமியமும் காப்பரும். இருபத்தைந்து வருடத்தில் வரிசை என் மனதில் தங்கிவிட்டது, விதிவிலக்கு போய்விட்டது.

அவள் சொன்னது சரி. அவள் பெயரில், அவள் தாளில், நான் தப்பாக எழுதி வைத்திருக்கிறேன்.

அவள் அடுத்த வாக்கியம் சொல்வதற்குள், சத்தமில்லாமல் பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். அடித்துவிட்டுச் சரியாக எழுதிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் என் எண்ணம்.

"பின்னாடி திருப்புறீங்களா மிஸ்?" என்றாள்.

அவள் காதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

"பக்க நம்பர் போட்டேனான்னு பாக்குறேன்மா."

"சரி மிஸ்."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு சந்தேகமும் இல்லாத குரல். கைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னால் எழுதவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. அவள் "சரி மிஸ்" என்று சொல்லாமல் இரண்டு கேள்வி கேட்டிருந்தால்கூட இன்னொரு பொய் சொல்லிச் சமாளித்திருப்பேனோ என்னவோ.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்மா" என்றேன். "நீ குரோமியத்துக்குச் சொன்னத நான் மாத்தி எழுதிட்டேன். நீ தப்பாச் சொல்லிட்டேன்னு நெனச்சு 3d நாலு, 4s ரெண்டுன்னு போட்டுட்டேன். இப்பத்தான் புரிஞ்சுது, நீ சொன்னதுதான் சரி."

அவள் முகம் மெல்ல மாறியது. கோபம் வரும், அழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவள் மேசைமேல் கையை நீட்டி விடைத்தாளைத் தொட்டுப் பார்த்தாள். எழுதியிருக்கிற பக்கங்களின் மேல் விரல்களை ஓட்டினாள். அவளுக்கு அது வெறும் காகிதமாகத்தான் இருந்திருக்கும்.

"வேற எங்கெங்க மாத்துனீங்க மிஸ்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு விடையைத்தான் நான் மாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கோ, அந்த நிமிடத்திலிருந்து எழுதிய அத்தனை பக்கமும் சந்தேகம்தான். எது அவள் சொன்னது, எது நான் எழுதியது என்று தெரிந்துகொள்ள அவளிடம் வழி இல்லை. இத்தனை நேரம் நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவளால் சரிபார்க்க முடியாது.

"இன்னொரு எடம் இருக்கு" என்றேன். "டியூட்டீரியத்துல ரெண்டு நியூட்ரான்னு சொன்னே. நான் ஒண்ணுன்னு எழுதிட்டேன்."

"ஐயோ, ஆமா, ஒண்ணுதான்." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கதவருகே இருந்த கண்காணிப்பாளர் எழுந்து வந்தார். "என்ன மேடம், விடையைப் பத்திப் பேசறீங்க?" என்றார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். என் வேலை, சம்பளம், கல்லூரியில் படிக்கிற மகன் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலதிகாரிகிட்ட சொல்ல வேண்டியதை நான் அப்புறம் சொல்லிக்கிறேன். அந்தப் பொண்ணு நேரம் போவுது. மொதல்ல அதைச் சரிபண்ணுங்க" என்றார். நாற்காலியை இழுத்து எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

குரோமியத்தை அடித்துவிட்டு அவள் சொன்னபடி எழுதினேன். எழுதியதை உரக்க வாசித்தேன். தலையாட்டினாள்.

"டியூட்டீரியத்தையும் மாத்துங்க மிஸ்" என்றாள்.

"அது சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கு. ஆனா நான் ரெண்டுன்னுதானே சொன்னேன்? ரெண்டுன்னே எழுதுங்க."

நான் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். அவர் விடைத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத்தான் இப்ப சரியான விடை ஞாபகம் வந்துடுச்சேம்மா. திருத்திச் சொன்னதா வச்சுக்கக் கூடாதா?" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"நீங்க சொன்னதுக்கு அப்புறம்தானே மிஸ் ஞாபகம் வந்துச்சு." கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு எவ்ளோ தெரியும்னு நாளைக்கு நான் யார்கிட்டயாவது சொன்னா, யாரோ எழுதிக் குடுத்தாங்கன்னுதான் சொல்லுவாங்க. ஏற்கெனவே ஸ்கூல்ல அப்டித்தான் பேசுறாங்க. இதுல ஒரு மார்க்குப் போனா பரவால்ல."

சரியான விடையை அடித்துவிட்டுத் தப்பான விடையை எழுதினேன். நான் படித்த காலத்திலும் சரி, பாடம் நடத்துகிற காலத்திலும் சரி, அப்படி ஒரு காரியத்தைச் செய்ததில்லை. எழுதி முடித்தபோது கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, மூக்கை உறிஞ்சாமல் இருந்தேன். அவள் காதில் அதுவும் விழுந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடையை முடித்ததும் வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். கடைசியில் மீந்த அரை மணி நேரத்தில், முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். அவள் இரண்டு இடங்களில் தானாகவே தன் தவறைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னாள். அதில் ஒன்று மூன்று மதிப்பெண் கணக்கு. முன்பே வாசித்துக் காட்டியிருந்தால் டியூட்டீரியத்தையும் அவளே பிடித்திருப்பாள். என் அவசரம் அவளுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை.

தாளைக் கொடுத்த பிறகு, "அந்த விரலக் கிள்ளிப் பாத்தியே, அது என்னம்மா?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "இந்தக் கையில அஞ்சு விரல் இருக்குல்ல மிஸ், அது அஞ்சும் d. வலது கைக் கட்டை விரல் s. வீட்டுல ரப்பர் பேண்ட் மாட்டி மாட்டிப் பாப்பேன். குரோமியத்துக்குக் கடசி ஆறு. மொதல்ல கட்டை விரல்ல ரெண்டு, அப்புறம் இங்க நாலு விரல்ல ஒண்ணு ஒண்ணு. சுண்டு விரல் காலியா இருக்கா? கட்டை விரல்லேந்து ஒண்ணக் கழட்டி அதுல மாட்டிட்டா, ஆறு விரல்லயும் ஒண்ணு ஒண்ணு. தொட்டாலே சமமா இருக்கும். பரீட்சைக்கு ரப்பர் பேண்ட் எடுத்துட்டு வரக்கூடாதுன்னாங்க, அதான் கிள்ளிப் பாத்தேன்."

நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கியபோது எனக்குக் குரோமியம் இவ்வளவு புரிந்திருக்கவில்லை. அது ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்து மனப்பாடம் செய்த வரி. அதனால்தான் மறந்தேன்.

முதன்மைக் கண்காணிப்பாளர் அறைக்கு எல்லாரும் போனோம். நடந்ததை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தப் பெண்ணின் அம்மாவையும் உள்ளே வரச் சொல்லி, விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை நேராகச் சந்திக்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"உன்ன நம்பி வுட்டுட்டுக் கீழ குந்திக்கினு இருந்தேனே டீச்சர்" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அடுத்த தேர்வுக்கு வேற ஆளைப் போட்டுடலாம். உனக்கு என்ன தோணுதும்மா?" என்று முதன்மைக் கண்காணிப்பாளர் பெண்ணிடம் கேட்டார்.

அவள் நான் நின்ற பக்கம் திரும்பவில்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

"இந்த மிஸ்ஸே வரட்டும் சார். வேற யாரு வந்தாலும் மாத்துறாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இவங்க மாத்துனா சொல்லுவாங்க" என்றாள்.

அம்மா மகளையே பார்த்தார். பிறகு, "அது சொன்னா சர்தான். ஒத்துக்கினாங்கல்ல" என்றார்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம்தான். ஆனால் மீதித் தேர்வுகளுக்கும் நானே எழுதினேன். ஒவ்வொரு விடையையும் வாசித்துக் காட்டினேன். கடைசித் தேர்வன்று அவளுடைய அம்மா ஒரு பாலித்தீன் பையில் வஞ்சிரம் கொண்டுவந்து நீட்டினார். நாங்கள் மீன் சாப்பிடமாட்டோம். வாங்கிக்கொண்டு வந்து எதிர்வீட்டில் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் வேதியியலே வேண்டும் என்று கேட்டாள். மூன்று இடங்களில் மறுத்தார்கள், நான்காவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த அன்று போன் செய்து சொன்னாள். இப்போது எம்.எஸ்சி. படிக்கிறாள். ஆய்வகத்தில் அவளுக்குத் துணையாக இருக்கும் தோழி, கரைசல் எந்த நிறத்துக்கு மாறியது என்று சொல்வதற்கு மட்டும்தானாம். மற்றதெல்லாம் அவளேதான் முடிவு செய்வாளாம். சொல்லிவிட்டு அதே சிரிப்புச் சிரித்தாள்.

நான் இப்போதும் வருடா வருடம் யாருக்காவது தேர்வு எழுதித்தரப் போகிறேன். பேனாவைத் திறப்பதற்கு முன், எப்போது வேண்டுமானாலும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுவேன். ஒருவருக்கு நல்லது செய்கிறேன் என்று என் கை அவசரப்படும்போதெல்லாம், அவரைக் கேட்டாயா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்து நிறுத்துகிறது. அப்படி நிற்கக் கற்றுக்கொண்டது நாற்பத்திரண்டு வயதில், ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு முற்பகலில்தான்.